அக்காவைக் கவனி

எங்கள் அண்ணியிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் ஒன்றுதான், மொட்டை மாடியில் ஏறி நின்று கத்துவதும் ஒன்றுதான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லவே வேண்டாம், முகம் சொல்லிவிடும். புருவம் ஏறும், உதடு கோணும், மூக்கு நுனி சுருங்கும். சீட்டாட்டத்தில் அவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. நல்ல சீட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். என் அண்ணன், கட்டிக்கொள்கிறாயா என்று அவரைக் கேட்கப் போனபோது கேள்வியை முடிக்கவே இல்லையாம். "என்னைக் கட்டி..." என்பதற்குள் பதில் வந்துவிட்டதாம். அந்தப் பெருமை அவனுக்கு இன்றுவரை அடங்கவில்லை.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு அண்ணி முதலில் வேலைக்குப் போனது எங்கே தெரியுமா? மூக்குக் கண்ணாடிக் கடைக்கு. வருகிறவர்கள் ஃபிரேமை மாட்டிக்கொண்டு எதிரே இருக்கிற நிலைக்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அவர்களோ அண்ணியைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடையிலேயே விலை உயர்ந்த ஃபிரேம் ஒன்று, பெரிய பெரிய சதுரமாக, பிறந்த குழந்தையைக்கூட வட்டிக்கடைக்காரனாக்கிவிடும். அது அலமாரியை விட்டு நகரவே இல்லை. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. உங்க மூஞ்சியத்தான் என்னால வேலைக்கு வெச்சுக்க முடியல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளியில் ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அங்கே அறிவியல் டீச்சர், ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும்கூட. வேலை இதுதான்: எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற, ஆனால் எழுத்தோ கணக்கோ மட்டும் பிடிபடாத பிள்ளைகளுக்குத் துணையாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். பாடத்தைப் படித்துக் காட்ட வேண்டும். தேர்வில் கேள்வியைப் படித்து, பிள்ளை சொல்கிற பதிலை அப்படியே எழுத வேண்டும். பொறுமை வேண்டும், நல்ல குரல் வேண்டும், பிள்ளைகள் என்றால் உயிராக இருக்க வேண்டும். எல்லாம் அண்ணியிடம் உண்டு. நான் போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன்.

"உங்க பொறுப்பு டீச்சர்" என்றார் அவர்.

"என் பொறுப்பு மேடம்" என்றேன். இந்த வாய்க்கு அப்போதே பூட்டுப் போட்டிருக்கலாம்.

பள்ளிக்குள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அண்ணிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். மறக்கவில்லை, மகராசி. முதல் நாளே என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், நீ கொஞ்சம் வெளிய வர்றியா?" என்றார். வகுப்பு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணிக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பு பந்துகளையும் வலைகளையும் போட்டு வைத்திருந்த இடம்; ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை. கதவில் 'கற்றல் துணை அறை' என்று பலகை. அதில் ணகரத்துக்கு முன்னால் இருந்த ஐகாரக் கொம்பு என்றைக்கோ உதிர்ந்துபோக, எந்தப் புண்ணியவானோ எழுத்தின் தலைமேல் ஒரு வளைவு போட்டு அதைத் 'துணி அறை' ஆக்கிவிட்டிருந்தான். அதனால் தொலைந்துபோன ஸ்வெட்டர், ஒற்றைக் காலுறை என்று எது எங்கே கிடந்தாலும் பிள்ளைகள் எடுத்துவந்து அந்த வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணியும் சளைக்காமல் மடித்து அடுக்குவார்.

அறைக்குப் பொறுப்பு சிறப்பு ஆசிரியர். இளைஞர், நெடுநெடுவென்று உயரம், பேச்சு மட்டும் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். சந்தோஷமா, கோபமா, பசியா, தூக்கமா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. அண்ணியையும் அவரையும் ஒரே அறையில் உட்காரவைத்த கடவுள் சரியான குறும்புக்காரர்தான்.

அண்ணியிடம் ஒப்படைத்தது என் வகுப்பில் படிக்கிற குருவியை. அது பிள்ளைகள் வைத்த பெயர். பொடிசு, தலையை வெடுக் வெடுக்கென்று திருப்பி எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஊமை. எழுத்து அவளுக்கு ஓர் இடத்தில் நிற்காது. அதிலும் கொம்பு வைத்த எழுத்துகள் படாத பாடு படுத்தும். 'கோ' என்று இருந்தால் முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். எதை முதலில் வாயில் போட்டுக்கொள்வது என்று திணறுவாள்.

"கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் மட்டும் பின்னாடி வருது. இது என்ன டீச்சர் நியாயம்?" என்று என்னையே கேட்டிருக்கிறாள். "வாயை மூடிட்டு எழுது" என்றேன்.

குருவியின் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். அவருக்கும் மகளுக்கும் இருந்த கவலை ஒன்றே ஒன்று. ஆண்டு முடிவில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். படித்துக் காட்டினால் குருவிக்குப் பாடம் புரிகிறதா என்று சோதிப்பார். புரிகிறது என்றால் இதே பள்ளியில், இதே பிள்ளைகளோடு, துணையோடு தொடரலாம். இல்லையென்றால் ஊரின் மறுகோடியில் இருக்கிற தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. "அங்க போனா நான் யார்கிட்டக்கா பேசுவேன்?" என்று அண்ணியிடம் கேட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணி சாப்பிடவே இல்லை. எதிர் வீட்டிலிருந்து நான் போய்க் கெஞ்சியும் தட்டைத் தொடவில்லை.

வேலை தொடங்கிய அன்று சிறப்பு ஆசிரியர் குருவியை உட்காரவைத்துத் தன் கிசுகிசுக் குரலில் சொன்னார்: "எழுத்தைப் பார்த்து இனிமே பயப்படாத. புத்தகத்தையே பாக்க வேண்டாம். அக்கா படிப்பாங்க. நீ அக்காவை நல்லா கவனி, அது போதும்."

குருவி தலையாட்டினாள். கவனித்தாள்.

அடுத்த தேர்விலேயே மார்க் எகிறிக்கொண்டு போனது. 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்று நான்கு விடைகள் கொடுத்துக் கேட்பது எங்கள் வழக்கம். கேள்வியையும் நான்கு விடைகளையும் அண்ணி நிறுத்தி நிதானமாகப் படிப்பார். குருவி பட்டென்று சொல்லிவிடுவாள். முழு மார்க். அதற்கடுத்த தேர்விலும் முழு மார்க். ஆசிரியர் அறையில் நான் தரையில் நடக்கவில்லை. "எங்க அண்ணியாக்கும்!" என்று கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். குருவியின் அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சிறப்பு ஆசிரியர் மட்டும், "கொஞ்சம் வேகமா இருக்கே" என்று முனகினார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பொறாமை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அந்த முகத்தில் அதற்கும் ஒன்றும் தெரியவில்லை.

மதிப்பீட்டாளர் வர இன்னும் சில வாரங்கள் இருந்தபோது அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். காலையில் பல் டாக்டர், ஊசி, கட்டிலில் போய்ப் படுங்கள் என்று அறிவுரை. அண்ணியா கேட்பார்? பாதி முகம் மரத்துப்போய், கன்னம் புடைத்து, பள்ளிக்கு வந்து நின்றார்.

"லீவு போட வேண்டியதுதானே அண்ணி?"

"குழுவிக்கு இன்னிக்கு டெத்து."

"ஐயோ, என்ன சொல்றீங்க!"

"டெத்து, டெத்து! உன் பாடத்துல டெத்து!" என்று என் கையில் இருந்த கேள்வித்தாளைத் தட்டிக் காட்டினார். டெஸ்ட்.

மதியம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து குருவியின் தாளைத் திருத்தினேன். திமிங்கலம் ஒரு பூச்சி என்றிருந்தது. சரி, வாய் தவறியிருக்கும். இதயத்தின் வேலை உணவைச் செரிப்பது. இலைகள் பச்சையாக இருக்கக் காரணம் மழை. பார்த்துக்கொண்டே வந்தால், எல்லாக் கேள்விக்கும் நான்கில் முதலாவதாக இருந்த விடையையே சொல்லியிருந்தாள். ஒரே ஒரு கேள்வி சரி, அதுவும் என் புண்ணியம். அதில் நான் சரியான விடையை முதலில் வைத்திருந்தேன். தாளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி அடிக்கு ஓடினேன். அண்ணி, சிறப்பு ஆசிரியர், குருவி மூவரும் இருந்தார்கள்.

"ஏன்டி, திமிங்கலம் பூச்சியாடி?"

"அக்காதானே டீச்சர் சொன்னாங்க."

"நான் எப்பச் சொன்னேன்?" அண்ணிக்கு மரப்புக் குறைந்து பேச்சு திரும்பியிருந்தது.

"வாயால சொல்லலக்கா. பூச்சின்னு படிச்சதும் சிரிச்சீங்க." குருவி பொறுமையாக விளக்கினாள், என்னவோ எங்கள் மூவருக்கும் பாடம் எடுக்கிற மாதிரி. "தப்பான விடையா இருந்தா உங்களுக்கு மூக்கு சுருங்கும். சரியான விடைன்னா இந்தப் புருவம் மேல போகும், அப்புறம் லேசா சிரிப்பீங்க. இன்னிக்கு மூக்கும் வேலை செய்யல, புருவமும் வேலை செய்யல. எல்லாத்துக்கும் வாய் இப்படிக் கோணிக்கிட்டே இருந்துச்சு. சரி, எதுக்கு மொதல்ல சிரிக்கிறாங்களோ அதைச் சொல்லுவோம்னு சொன்னேன்."

அண்ணியின் கை தானாக மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"இத்தனை நாளும் இப்படித்தான் பதில் சொன்னியா?" என்றார் சிறப்பு ஆசிரியர்.

"ஆமா சார். நீங்கதானே சொன்னீங்க, அக்காவைக் கவனின்னு?" பாராட்டை எதிர்பார்த்து அவரைப் பார்த்தாள். "மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்பல்லாம் ஈசி சார். மத்தவங்களும் இப்படித்தானே படிக்கிறாங்க?"

அன்றுதான் சிறப்பு ஆசிரியரின் முகத்தில் முதன்முதலாக ஒன்றைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்துபோயின. "அக்கா படிக்கிறதைக் கவனின்னு சொல்லியிருக்கணும்" என்றார். ஒரு சொல். அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கியதால் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு எங்கள் அண்ணியைக் கரைத்துக் குடித்திருந்தது.

அண்ணி மடித்து வைத்த ஸ்வெட்டர் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப அந்த மார்க் எல்லாம் என்னோட மார்க்கா?" நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாவி நான். பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாமலா இத்தனை நாளும் அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க? நான் போயிடறேன் சார். மூஞ்சியில்லாத ஒரு ஆளாப் பார்த்து வைங்க."

"ஆளை மாத்தினா அந்த ஆள் மூஞ்சியப் படிப்பா. உங்களைவிடச் சீக்கிரமாக்கூடப் படிச்சுடுவா" என்றார் அவர். வகுப்பாசிரியை என்பதால் நான் தேர்வில் படித்துக்காட்டக் கூடாது. அவரே ஒரு முறை படித்துப் பார்த்தார். குருவி அவர் முகத்தையே மேலும் கீழும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார் மூஞ்சில ஒண்ணுமே எழுதலக்கா, சத்தமும் கேக்கல" என்று கையை விரித்துவிட்டாள்.

ஆக, அண்ணி முகத்தை அடக்கியாக வேண்டும், குருவி காதைத் திறந்தாக வேண்டும். நாளோ இல்லை.

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. அண்ணன் எதிரே உட்கார்ந்து எதையாவது சொல்வான். அண்ணி முகத்தை அசைக்காமல் இருக்க வேண்டும். நான்தான் நடுவர். லாட்டரி விழுந்தது, வீடு ஒழுகுகிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கொஞ்சம் தேறியது. அடுத்து, "எங்கம்மா நாளைக்கு வர்றாங்களாம். ஒரு மாசம் இங்கதான் இருக்கப் போறாங்களாம்" என்றான். அண்ணியின் முகம் இடிந்து விழுந்த கட்டடம் மாதிரி ஆனது. அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். எங்கம்மா என்றால் எனக்கும் அம்மாதான் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகமே இல்லை. நான் எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பள்ளியில் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். குருவி கால் விரலைப் பார்த்துச் சொன்னாள். காலை மேசைக்கு அடியில் மறைத்தார். காது அசைகிறது என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். தோளைப் பார்த்துச் சொன்னாள். கடைசியில் சிறப்பு ஆசிரியர், "குருவி, நீயே கண்ணை மூடிக்கோ" என்றார். இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு! ஆனால் அதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. சரியான விடை வரும்போது அண்ணியின் குரல் தொட்டில் குழந்தையிடம் பேசுகிற மாதிரிக் குழைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே அதையும் பிடித்துவிட்டாள்.

இதற்கு வழி சொன்னவன் என் அண்ணன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்க்கப் போனவன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த லிஃப்டில் ஒரு பெண் குரல் இருக்கிறது. "கதவு மூடுகிறது. மேலே செல்கிறது. நான்காம் தளம்." சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீங்கள் நான்காம் தளத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். அண்ணி அவளோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்தார். வாட்ச்மேன் பயந்துபோய், "அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

குரல் படிந்துவிட்டது, ஆனால் வீடு நாசமாய்ப் போனது. "சாப்பாடு தயார். கைகளைக் கழுவவும்" என்பார். அண்ணன் குளித்துவிட்டு வந்தால், "தரை ஈரமாக உள்ளது" என்பார். "நான்தான் யோசனை சொன்னேன், எனக்கு இது வேணும்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தக் குரலில் அண்ணி முதல் கேள்வியைப் படித்தபோது குருவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும்தான் அவளுக்கு உறைத்தது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று. கேள்வி வந்தது, போனது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மார்க் தரைதட்டியது. ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறப்பாள். "கண்களை மூடவும்" என்பார் அண்ணி. ஒரு நாள் குருவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். "ஒரே ஒரு தடவை மூஞ்சியக் காட்டுங்கக்கா. என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க." அண்ணியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். அழுதுகொண்டே, குரல் மட்டும் பிசகாமல், "அடுத்த கேள்வி" என்றார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எதற்கு இந்த வேலைக்கு இவரைக் கூட்டிவந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் பிள்ளை லேசுப்பட்டவள் இல்லை. "இன்னொரு தடவை படிங்கக்கா" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். "அந்த மூணாவது மட்டும் படிங்க" என்றாள். கேள்வியை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இனிமேல் விடை அண்ணியின் மூஞ்சியில் கிடைக்காது, வகுப்பில்தான் கிடைக்கும் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள். அதுவரை என் பாடத்தின்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என் உயிரை எடுக்க ஆரம்பித்தாள். "திமிங்கலத்துக்குத் தண்ணிக்குள்ள மூச்சு முட்டாதா டீச்சர்? தூங்குறப்ப என்ன பண்ணும்?" நான் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மதிப்பீட்டாளர் வந்தார். கனத்த உடம்பு, பெரிய கைப்பை, ஜலதோஷம். தும்மிக்கொண்டே மாடிப்படி அடி அறைக்குள் போய், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தான் கொண்டுவந்த கேள்வித்தாளை அண்ணியிடம் கொடுத்தார். கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. நான் சாக்பீஸ் எடுக்கப் போகிற மாதிரி அந்த வழியாகப் போனேன், வந்தேன், போனேன். பிறகு வெட்கத்தை விட்டு அங்கேயே நின்றுவிட்டேன். சிறப்பு ஆசிரியர் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

குருவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அண்ணி படிக்கத் தொடங்கியதும் மதிப்பீட்டாளர் திடுக்கிட்டு, ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று மேலே பார்த்தார்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"தேர்வு நேரத்தில் மட்டும்" என்றது லிஃப்ட்.

குரல் அசையவில்லை. ஆனால் முகம்! பயிற்சியில் நாங்கள் குரலோடு போராடிய போராட்டத்தில் முகத்தைக் கைவிட்டுவிட்டோம். குருவிதான் கண்ணை மூடியிருக்கிறாளே என்ற தைரியம். மதிப்பீட்டாளருக்குக் கண் திறந்திருக்கும் என்பது எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து அந்த முகத்தில் கூத்தாடியது. தவறான விடைக்கு மூக்கு காணாமல் போனது. சரியான விடைக்குப் புருவம் தலைமுடிக்குள் ஏறியது. மதிப்பீட்டாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்தோம் என்றேன். சிறப்பு ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரியாது.

"கீழ்க்கண்டவற்றுள் தானே ஒளி தருவது எது? நிலா. கண்ணாடி. மெழுகுவர்த்தி. தண்ணீர்."

குருவி யோசித்தாள். "நிலா" என்றாள்.

அண்ணியின் பேனா நின்றது. முகம் மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்தி என்று கதறியது. குருவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதவுக்கு வெளியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. "இன்னொரு தடவை படிங்க" என்றாள். அண்ணி படித்தார். நான்கு விடையும் ஒரே அளவு, ஒரே சத்தம். குருவியின் இமைகள் துடித்தன. திறந்தால் போதும். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பதில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது. திறந்துவிடு கண்ணு என்று என் மனசு சொன்னது, உள்ளதைச் சொல்கிறேன்.

திறக்கவில்லை. இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டு, "நிலாதான்" என்றாள்.

அண்ணி 'நிலா' என்று எழுதினார். "அந்த ரெண்டு எழுத்தை எழுதுறதுக்குள்ள என் உசிரே போயிடுச்சு" என்று பிற்பாடு சொன்னார். தேர்வு முடிகிறவரை குருவி கண்ணைத் திறக்கவே இல்லை.

முடிந்ததும் மதிப்பீட்டாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் முந்திக்கொண்டு, "மேடம், அவங்க மூஞ்சி பிறவியிலேயே அப்படி" என்று உளறினேன்.

"அந்த அம்மா மூஞ்சியப் பார்த்தே நான் எல்லா விடையும் எழுதியிருப்பேன்" என்றார் அவர். "அவ்வளவு பக்கத்துல பதிலை வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு கண்ணத் திறக்கல பாருங்க. யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு நான் தனியாச் சோதிக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு." இன்னொரு தும்மல் போட்டுவிட்டு, "அவ இங்கயே படிக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

விடைத்தாள் திரும்பி வந்த அன்று குருவியின் அம்மாவை வரச்சொல்லியிருந்தோம். மகள் இங்கேயே இருக்கலாம் என்று கேட்டதும் அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அப்புறம் தாளை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் மார்க்.

"என்னங்க இது? போன தடவையெல்லாம் முழுசு முழுசா வாங்கினாளே?" அண்ணியைப் பார்த்து ஒரு பிடி பிடித்தார். "முக்கியமான நேரத்துல விட்டுட்டீங்களே. நீங்க சரியாச் சொல்லித் தரலையா?"

அண்ணி என்ன சொல்வார், பாவம்? எனக்குச் சுரீர் என்று ஏறியது. நான் நாலு வார்த்தை கேட்பதற்குள் குருவி நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, அதெல்லாம் அக்கா வாங்கின மார்க்கும்மா. இதுதான் நான் வாங்கினது."

"அப்ப மிச்சமெல்லாம்?"

"மிச்சம் தப்பு. அதுவும் நானே போட்டதுதான்." தப்பையும் சேர்த்தே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். அண்ணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பள்ளி வராந்தா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

குருவியின் அம்மா மகளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "எல்லாம் நீயேவா?" என்று கேட்டுவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதல் கேள்வியிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.